எண்ணிக்கையில் விடுபட்ட அம்மையார்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

“வேதியியல் படிக்கிற பெண்ணுக்குத் துப்பறியும் நாவல் எதற்கம்மா?”

சென்ற பருவத் தேர்வுக்கு முன்பு ஒரு நாள், ஆய்வுக்கூட வாயிலில் என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு எங்கள் துறை ஆசிரியர் ஒருவர் இப்படிக் கேட்டார். கோபத்தோடு கேட்கவில்லை, அக்கறையோடுதான் கேட்டார். பக்கத்தில் நின்ற தோழி ஒருத்தி, “அதுவும் வெள்ளைக்காரக் கிழவி கதை சார்!” என்று எடுத்துக் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அன்று எனக்குச் சொல்லத் தெரியாத பதிலை இந்த ஆண்டு மலரின் வாயிலாகச் சொல்ல முற்படுகிறேன். ஆசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

புத்தகம் வந்த வழி

என் அப்பா லாரி செட்டில் சுமை தூக்குபவர். அம்மா நகரத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில், அந்த வீட்டம்மா பழைய பேப்பர்காரரிடம் போடச் சொல்லி ஒரு கட்டைக் கொடுத்தார்களாம். செய்தித்தாள்களுக்கு நடுவே நான்கு ஆங்கிலப் புத்தகங்கள். அம்மா எழுத்துக் கூட்டித் தமிழ் படிப்பார், ஆங்கிலம் தெரியாது. “கிலோவுக்கு என்ன பெருசா குடுத்துடப் போறான்? நீ வச்சுப் படி. கேட்டுத்தான் எடுத்தேன்” என்று சொல்லிக்கொண்டே என்னிடம் நீட்டினார். கேட்டுத்தான் எடுத்தேன் என்பதை அம்மா எப்போதும் சேர்த்துச் சொல்வார். அது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

நான்கில் மூன்று அகதா கிறிஸ்டி எழுதியவை. ஒன்றுக்கு அட்டையே இல்லை. தமிழ்வழியில் படித்த எனக்கு முதல் கதையை முடிக்க நான்கு நாட்கள் ஆயின. ஒவ்வொரு வரிக்கும் கைப்பேசி அகராதியைத் தட்டினேன். பத்தாவது கதைக்கு வரும்போது அகராதியை மறந்துவிட்டேன். கொலைகாரன் யார் என்று தெரிந்தாக வேண்டும் என்ற தவிப்பில் ஆங்கிலம் தானாக உள்ளே நுழைந்துவிட்டது. பள்ளி ஆண்டுகளில் வராத துணிச்சல் அந்த அட்டையில்லாப் புத்தகத்தால் வந்தது. என் பதிலில் முதல் பகுதி இது. ஆனால் இதுவே முழுப் பதில் அன்று.

யார் இந்த மூதாட்டி?

அகதா கிறிஸ்டி 1890-இல் இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் பகுதியிலுள்ள டார்க்கீ என்ற கடலோர ஊரில் பிறந்தவர். 1976 சனவரியில் மறைந்தார். அவர் படைத்த ஜேன் மார்ப்பிள், செயின்ட் மேரி மீடு என்னும் கற்பனைச் சிற்றூரில் வாழும் மணமாகாத மூதாட்டி. முதன்முதலாக இவர் தோன்றியது 1927 டிசம்பரில் ‘ராயல் மேகசீன்’ இதழில் வந்த ஒரு சிறுகதையில். முதல் நாவலான ‘தி மர்டர் அட் தி விகாரேஜ்’ 1930-இல் வந்தது. மொத்தம் பன்னிரண்டு நாவல்கள், இருபது சிறுகதைகள். கடைசி நாவலான ‘ஸ்லீப்பிங் மர்டர்’ ஆசிரியர் மறைந்த பிறகு 1976-இல் அச்சேறியது.

இந்த மூதாட்டி காவல் துறையைச் சேர்ந்தவர் அல்லர். ஷெர்லக் ஹோம்ஸைப் போல் உருப்பெருக்கிக் கண்ணாடியோ சோதனைக் குழாய்களோ அவரிடம் இல்லை. பட்டமும் இல்லை, பதவியும் இல்லை. கம்பளி நூலும் பின்னல் ஊசியும் மடியில் இருக்கும். தோட்டத்தில் களை பறிப்பார். பறவைகளைப் பார்க்கிறேன் என்று தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு தெருவையும் பார்ப்பார். நாம் ஊர்வம்பு என்று ஒதுக்கும் பேச்சை ஒரு சொல் விடாமல் கேட்பார். முதல் நாவலில் வரும் இன்ஸ்பெக்டர் ஸ்லாக் இவரை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. ஸ்லாக் என்றால் தளர்ச்சி, மந்தம் என்று பொருள். ஆனால் அந்த அதிகாரியோ ஒரு நொடி நிற்காமல் ஓடுகிறவர். ஓடுகிற ஓட்டத்தில் உண்மையைத் தாண்டிப் போய்விடுகிறார். உட்கார்ந்திருக்கும் மூதாட்டி பிடித்துவிடுகிறார்!

ஐந்தா, ஆறா?

நான் முதலில் படித்த கதையின் தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன். முடிவைச் சொல்ல மாட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. மார்ப்பிள் வீட்டில் சிலர் கூடியிருக்கிறார்கள். உறவினரான எழுத்தாளர் ரேமண்ட் வெஸ்ட், ஓவியம் தீட்டும் ஒரு பெண், ஸ்காட்லாந்து யார்டின் முன்னாள் ஆணையர், ஒரு பாதிரியார், ஒரு வழக்கறிஞர். ஆளுக்கொரு புதிர் சொல்வோம், மற்றவர்கள் விடுவிக்கட்டும் என்று முடிவாகிறது. எத்தனை பேர் இருக்கிறோம் என்று ஓவியப் பெண் எண்ணுகிறாள். ஐந்து பேர் என்கிறாள்; ஆறு பேர் இருந்தால் நன்றாக இருக்குமே என்றும் சொல்கிறாள். என்னை விட்டுவிட்டாயே என்று புன்னகையோடு நினைவூட்டுகிறார் மார்ப்பிள்.

அந்த வீடு அவருடையது! அமர்ந்திருக்கும் நாற்காலிகள் அவருடையவை! இருந்தும் அவர் எண்ணிக்கையில் இல்லை.

புதிர் சொல்லப்படுகிறது. ஒவ்வொருவரும் தத்தம் தொழில் அறிவைக் காட்டி விடை கூறுகிறார்கள். மார்ப்பிளோ, இதற்கு முன்பே, கடையில் வாங்கிய உரித்த இறால் வீடு வருவதற்குள் காணாமற்போன ஓர் ஊர்க்கதையைச் சொல்லிக் கேலிக்கு ஆளானவர். ஆனால் சரியான விடை கடைசியில் அவரிடமிருந்தே வருகிறது. மனித இயல்பு எங்கும் ஒன்றே; சிற்றூரில் அதை அருகிலிருந்து பார்க்க முடிகிறது என்பது அவருடைய கொள்கை. கொலையையும் இறால் காணாமற்போனதையும் அவர் ஒரே தராசில் வைத்து நிறுக்கிறார். ஆசை, அச்சம், பொய், வெட்கம் ஆகிய நான்கும் இரண்டிலும் உண்டு அன்றோ?

வள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்ற பெயரில் ஒன்றல்ல, இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார். பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று. முகம் பார்த்து அகம் அறியும் இந்தக் கலையை அவர் அத்துணை பெரிதாக மதித்தார். மார்ப்பிள் அம்மையாருக்கு வள்ளுவரைத் தெரியாது. ஆனால் குறிப்பறிதல் தெரியும்.

கதைகள் தந்த இன்பத்தின் ஊற்று எதுவென்று எனக்கு இந்த முதற்கதையிலேயே புலனாகிவிட்டது. யாரை எவரும் எண்ணவில்லையோ அவரே அறிந்தவராக இருக்கிறார்! என் போன்றவர்களுக்கு இதைவிட இனிய கற்பனை வேறென்ன இருக்க முடியும்?

குங்குமச் சிமிழ்

ஆனால் அது வெறும் கற்பனை அன்று என்பதற்கு ஒரு சான்று சொல்வேன்.

அம்மா வேலை செய்யும் வீட்டில் ஒருமுறை வெள்ளிக் குங்குமச் சிமிழ் ஒன்று காணாமற்போயிற்று. யாரும் அம்மாவைத் திருடி என்று சொல்லவில்லை. “நீ பார்த்தியா?” என்று மட்டும் கேட்டார்கள். அன்று காலை கேட்டார்கள். மாலையில் கேட்டார்கள். மறுநாளும் கேட்டார்கள். அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. யோசித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் போனதும், “அம்மா, கொலுப் பொம்மை கட்டின பெட்டியைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்க” என்றார். பரணிலிருந்து பெட்டி இறங்கிற்று. மரப்பாச்சிகளைச் சுற்றியிருந்த துணிக்குள் சிமிழ் இருந்தது. நவராத்திரிக்கு வந்தவர்களுக்குக் குங்குமம் கொடுத்துவிட்டு, பொம்மைகளோடு சேர்த்து அந்த வீட்டாரே கட்டிவிட்டார்கள். வீட்டம்மா சிரித்தார்கள், அம்மாவுக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்தார்கள். விஷயம் முடிந்தது.

“எப்படிம்மா கண்டுபிடிச்ச?” என்று கேட்டேன். “கடைசியா எங்க பார்த்தோம், அதுக்கப்புறம் அந்த வீட்டுல எதெது இடம் மாறிச்சுன்னு நெனச்சுப் பார்த்தேன். இதுல என்னடி இருக்கு?” என்றார்.

இதில் என்ன இருக்கிறது? ஒரு துப்பறியும் நூலின் முழு இலக்கணமும் இருக்கிறது! என் அம்மாவுக்கு அறிவு உண்டு என்று எனக்குத் தெரியும். அந்த அறிவுக்கு ஒரு முறை உண்டு, ஒழுங்கு உண்டு, அதை உலகம் அறிவு என்றே ஒப்புக்கொள்ளும் என்று எனக்குக் காட்டியவர் மார்ப்பிள். உண்மையைச் சொன்னால், கல்லூரியில் சேர்ந்த முதலாண்டில் அம்மாவின் பேச்சைக் காதில் வாங்காமல் இருக்கப் பழகியிருந்தேன். படித்துவிட்டேன் என்ற நினைப்பு. அந்த நினைப்பு இந்தக் கதைகளால் நொறுங்கிற்று.

ஆய்வுக்கூடத்தில்

வேதியியலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்ட ஆசிரியருக்கு ஒரு செய்தி. முதல் உலகப் போரின்போது டார்க்கீ மருத்துவமனையில் செவிலித் தொண்டு செய்த கிறிஸ்டி, பிறகு அங்கேயே மருந்து கலக்கும் பிரிவில் பணியாற்றினார். 1917-இல் அதற்குரிய தேர்விலும் தேறினார். இளமையில் வீட்டிலேயே படித்தவர். பல்கலைக்கழகம் சென்றவர் அல்லர். 1920-இல் வந்த அவரது முதல் நாவலை, நஞ்சைப் பிழையின்றிக் கையாண்டதற்காக மருந்தாளுநர்களின் இதழ் ஒன்று பாராட்டியது. வேறெந்தப் பாராட்டைக் காட்டிலும் அது அவருக்குப் பெருமையாக இருந்தது.

மார்ப்பிள் வரும் ‘எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை’ (1953) நாவலில் நஞ்சாக வருவது டாக்சின். இது யூ என்னும் மரத்தின் இலையிலும் விதையிலும் உள்ள ஆல்கலாய்டுகளின் கலவை. இதயத் துடிப்பைத் தடுமாறச் செய்து கொல்வது. யூ மரம் இங்கிலாந்தின் பழைய தேவாலய முற்றங்களில் இன்றும் நிற்கிறது. அதே இனத்தைச் சேர்ந்த பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்துதான் பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து முதலில் கிடைத்தது. அதன் அமைப்பு வெளியிடப்பட்டது 1971-இல். கதையில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போய் நூலகத்தில் நான் கற்ற வேதியியல் இது.

இன்னொன்றும் உண்டு. கனிம உப்புப் பகுப்பாய்வில் பாஸ்பேட், ஆக்சலேட் போன்ற அயனிகள் மூன்றாம் தொகுதிச் சோதனையைக் குழப்பிவிடும். அவற்றை முதலில் நீக்காவிட்டால் விடை தவறும். கிறிஸ்டியின் நாவல்களிலும் அத்தகைய குழப்பும் அயனிகள் உண்டு! எல்லாத் தடயங்களையும் அவர் நம் கண் முன்னேதான் வைக்கிறார். ஆனால் நம் கண்ணை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார். கடைசிப் பக்கம் படித்தபின் திரும்பிப் போய்ப் பார்த்தால், வாசகரை ஏமாற்றிய ஒரு வரிகூடப் பொய்யாக இராது. கண்டதைக் கண்டபடி பதிவு செய், முடிவுக்கு முந்தாதே என்று ஆய்வுக்கூடத்தில் நமக்குச் சொல்லப்படும் பாடம் இது அல்லவா?

அமைதியான சிற்றூரா?

இவை வீட்டு மூலையில் சுகமாக உட்கார்ந்து படிக்கும் கதைகள். வாழ்க்கையின் கடுமை இல்லாதவை என்பது பழைய குற்றச்சாட்டு. அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லர் 1944-இலேயே ஆங்கிலேய மாளிகைக் கொலைக் கதைகளைக் கடுமையாகச் சாடினார். ரத்தம் அதிகம் தெரியாது, தேநீர் நேரம் தவறாது என்பது மெய்தான். ஆனால் அந்தச் சிற்றூர் அசையாமல் நிற்கவில்லை.

1950-இல் வந்த ‘எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு’ நாவலை எடுத்துக்கொள்வோம். இன்ன நாள், இன்ன நேரம், இன்ன வீட்டில் கொலை நடக்கும் என்று உள்ளூர்ச் செய்தித்தாளில் விளம்பரம் வருகிறது! விளையாட்டென்று எண்ணி அக்கம்பக்கத்தார் வந்து கூடுகிறார்கள். அது போர் முடிந்த காலம். பிரிட்டனில் 1940-இல் தொடங்கிய உணவுப் பங்கீடு 1954 வரை நீடித்தது. வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பங்கீட்டு அட்டை. ஊரார் திருட்டுத்தனமாக உணவுப் பண்டங்களை மாற்றிக்கொள்கிறார்கள். அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்றை மார்ப்பிள் கவனிக்கிறார். முன்பெல்லாம் யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று ஊருக்குத் தெரியும். இப்போதோ புதிதாகக் குடிவந்தவர் தன்னைப் பற்றி எதைச் சொல்கிறாரோ அதுவே அவருடைய வரலாறு. கையில் ஓர் அட்டை இருந்தால் போதும்! கிராமத்திலிருந்து நகர்ப்புறக் குடியிருப்புக்கு வந்து, ஒரு ரேஷன் அட்டையால் மட்டுமே இன்னார் என்று அறியப்படும் குடும்பத்தில் பிறந்த எனக்கு, இந்த ஓரிடத்தை விளக்க ஆசிரியர் தேவைப்படவில்லை.

1962-இல் வந்த நாவலில் செயின்ட் மேரி மீடு ஊரின் ஓரத்தில் புதிய வீட்டு வரிசைகள் முளைத்துவிடுகின்றன. முதியவர்கள் முணுமுணுக்கிறார்கள். தள்ளாத வயதில் மார்ப்பிள் அம்மையார் துணைக்கு வைத்த ஆளை ஏமாற்றிவிட்டு, தனியே நடந்து போய் அந்தப் புதுக் குடியிருப்பைப் பார்க்கிறார். வீடுகள் புதியவை, ஆனால் அங்கிருக்கும் மனிதர்கள் தாம் முன்பே அறிந்தவர்கள் என்று தெரிந்துகொள்கிறார். பழமையில் ஊறிய மூதாட்டிக்கு இந்தத் துணிவு இருக்கிறது.

கிளாடிஸ்

இத்தனை புகழ்ந்த நான், என் மனக்குறையையும் சொல்ல வேண்டும். இந்த இனிய சிற்றூர்களில் தேநீர் தானாக வருவதில்லை. அதைக் கொண்டுவருபவள் ஒரு பெண். கிறிஸ்டியின் கதைகளில் அவள் பெரும்பாலும் அறிவு மந்தமானவள், மூக்கடைப்புக் குரலில் பேசுபவள், சிரிப்புக்கு உரியவள். மார்ப்பிளும் ஓர் எசமானிதான். அனாதை இல்லத்துப் பெண்களுக்கு வீட்டு வேலை பழக்குபவர். படிக்கும்போது சில பக்கங்களில் என் முகம் சுருங்கிவிடும். அந்தச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருப்பவள் என் அம்மா!

‘4.50 ஃப்ரம் பேடிங்டன்’ (1957) நாவலில் லூசி ஐல்ஸ்பாரோ என்றொருத்தி வருகிறாள். ஆக்ஸ்போர்டில் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறியவள். வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்காத காலம் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, அதையே தொழிலாக எடுத்துக்கொள்கிறாள். நல்ல சம்பளம், வேண்டிய இடத்தில் மட்டும் வேலை. இதை அம்மாவிடம் சொன்னபோது, “அவ படிச்சுட்டுப் பாத்திரம் தேய்க்கிறா, அதனால கேட்ட சம்பளம் குடுக்குறாங்க. படிக்காதவ தேய்ச்சா?” என்றார். இந்தக் கேள்விக்கு நாவலில் விடை இல்லை. என்னிடமும் இல்லை.

ஆனால் முன்பு சொன்ன 1953 நாவலில் கிளாடிஸ் என்ற பணிப்பெண் இருக்கிறாள். (1927-இல் வந்த முதற்கதையிலும் ஒரு பணிப்பெண், அவள் பெயரும் கிளாடிஸ்!) பெருஞ்செல்வர் ஒருவர் தம் அலுவலகத்தில் நஞ்சால் இறக்கிறார். காவல் துறை முழுவதும் அந்தச் செல்வரின் குடும்பத்தைச் சுற்றி வருகிறது. இதற்கிடையே கிளாடிஸ், துணி உலர்த்தும் கொடியருகே கழுத்து நெரிபட்டுக் கிடக்கிறாள். கொன்றவன் அவள் மூக்கில் ஒரு துணிக் கிளிப்பை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

செய்தித்தாளில் இதைப் படித்த மார்ப்பிள் ரயிலேறி வருகிறார். செல்வருக்காக வரவில்லை. தாம் வேலை பழக்கிய, தாய் தந்தையற்ற அந்தப் பெண்ணுக்காக வருகிறார். கொலை ஒருபுறம் இருக்க, இறந்த பெண்ணை இப்படி இழிவுபடுத்திய அந்தக் கிளிப்பு அவரைச் சினங்கொள்ள வைக்கிறது. பின்னல் ஊசியோடு சாதுவாக அமர்ந்திருக்கும் மூதாட்டியின் சினத்தை நான் முதன்முதலாகக் கண்டது இங்கேதான்.

இரவில் இந்தக் கதையை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். கிளாடிஸ் இறந்த இடம் வந்ததும் அம்மா அரிசி பொறுக்குவதை நிறுத்திவிட்டார்.

“அந்தப் பொண்ணுக்கு ஆத்தா அப்பன் இல்லன்னியே. அப்ப அவளுக்காக யாரு வந்து கேட்பா?”

“வேலை பழக்கின பாட்டி ரயிலேறி வருதும்மா.”

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “வரட்டும்” என்றார்.

கொன்றவன் யார் என்று அம்மா கேட்கவே இல்லை. கேட்க ஆள் வந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது. அந்த நாவலின் கடைசிப் பக்கங்களில் ஒரு கடிதம் வரும். அதில் என்ன இருக்கிறது என்று இங்கே சொல்ல மாட்டேன். நீங்களே படித்துப் பாருங்கள். கண் கலங்காமல் படிக்க முடிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

முடிவாக

ஆகவே ஆசிரியர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். இக்கதைகள் எனக்கு ஆங்கிலம் தந்தன. பொறுமையாகப் பார்க்கக் கற்றுத் தந்தன. இவற்றையெல்லாம்விட, பட்டம் பெறப் போகிறவள் என்ற செருக்கில் யாரை நான் எண்ணாமல் விட்டேன் என்று காட்டின. இவை பேரிலக்கியம் என்று நான் வாதாட வரவில்லை. குறைகள் உண்டு, அவற்றையும் கண் திறந்தே படிக்க வேண்டும். ஆயினும் பாடநூல் அல்ல என்பதற்காகவே ஒரு நூலைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவது, பேச்சில் இறால் வந்தது என்பதற்காக மார்ப்பிளைக் கேலி செய்தவர்களின் தவறே ஆகும்.

தோழர்களே, தோழியரே! நம்மில் பலர் வீட்டிலிருந்து முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நாளை நாமும் பதவிகளில் அமர்வோம். நம் வரவேற்பறையிலும் நாலு பேர் கூடுவார்கள். அப்போது எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ண நேர்ந்தால், தேநீர்த் தட்டோடு வாசற்படியில் நிற்பவரையும் சேர்த்து எண்ணுவோம்.